மூன்று சதவீதத்துக்கும் இரண்டு சதவீதத்துக்கும் இடையில்

தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உலர்த்தும் இயந்திரமான ட்ரையரின் வாயிலிருந்து விழும் தூளில் ஏறத்தாழ 3 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிடக் கூடினால் தூள் மூட்டையில் கிடக்கும்போதே கெடத் தொடங்கும். குறைந்தால் கெட்டுப்போகாது; ஆனால் மணம் குன்றும், எடை குறையும், விறகு வீணாகும். எனக்குப் பழக்கமான ஸ்டோர்களில் ட்ரையர் பார்ப்பவரிடம் எத்தனை வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் மூன்று என்பார். அவருடைய கை மட்டும் மூன்றை நோக்கிப் போவதில்லை. இரண்டரையை, சில நாள்களில் இரண்டை நோக்கிப் போகும். சொல்லுக்கும் கைக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு இடைவெளியில்தான் என் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். வேலை செய்வது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பெற்றோலிய இரசாயன ஆலைகளிலும். பதவியின் பெயர் மேம்பட்ட செயன்முறைக் கட்டுப்பாட்டுப் பொறியியலாளர். ஊருக்கு வரும்போது யாராவது அது என்ன வேலை என்று கேட்டால், இயந்திரம் பழுதுபார்ப்பதா என்பது அடுத்த கேள்வியாக வரும். இல்லை என்றால் கம்பியூட்டர் வேலையா என்பார்கள். இரண்டும் இல்லை, இரண்டும் கொஞ்சம் உண்டு. இப்போதெல்லாம் நான் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றிப் பேசாமல், அவர்களுக்கே நன்றாகத் தெரிந்த ட்ரையரிலிருந்து தொடங்கிவிடுகிறேன்.

பழைய சங்கிலி ட்ரையரை எடுத்துக்கொள்வோம். பெல்பாஸ்ட் நகரிலிருந்து வந்த டேவிட்சனின் 'சிரொக்கோ' இயந்திரங்களின் வழிவந்த வகை அது. துளையிட்ட தட்டுகள் சங்கிலியில் மெதுவாக நகர, மேலிருந்து கீழே தட்டு தட்டாக விழுந்து வரும் கொழுந்துக்கு ஊடாக, அடியிலிருந்து சூடான காற்று ஏறிச் செல்கிறது. உள்ளே நுழையும் காற்று 90 முதல் 100 பாகை செல்சியஸ் வரை இருக்கும்; தன் சூட்டை ஈரத்துக்குக் கொடுத்துவிட்டு மேலே வெளியேறும்போது 50 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். ட்ரையர் பார்ப்பவரின் கையில் மூன்று பிடிகள் உள்ளன: அடுப்பின் சூடு, சங்கிலியின் வேகம், கொழுந்தைப் பரப்பும் தடிப்பு. அவர் காக்க வேண்டியவையும் சில உண்டு. வெளியேறும் காற்று மிகவும் தணிந்துவிட்டால் கொழுந்து உலர்வதற்குப் பதிலாக வெந்துபோகும். உள்ளே வரும் காற்று மிகவும் சூடாகிவிட்டால் தூளின் மேற்புறம் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு நிற்கும். இவை இரண்டுக்கும் நடுவே கடைசி ஈரத்தை மூன்றில் நிறுத்த வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு பிடியும் எல்லாவற்றையும் சேர்த்தே அசைக்கிறது. பரப்பைத் தடிப்பாக்கினால் ஈரமும் கூடும், வெளிக்காற்றும் தணியும். அதைச் சரிசெய்ய அடுப்பை ஏற்றினால் உட்காற்றின் மேல் எல்லை நெருங்கும். சங்கிலியை மெதுவாக்கினால் உற்பத்தி குறையும், பின்னால் ரோலரிலிருந்து வரும் கொழுந்து தேங்கி அளவுக்கு மேல் புளிக்கும்.

இதற்கு மேல் மழை வேறு. ஒரு கிலோ தூளில் 970 கிராம் உலர்பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக வாடி 55 சதவீத ஈரத்துடன் வரும் கொழுந்தென்றால், ஒரு கிலோ தூளுக்கு ட்ரையர் ஓட்டவேண்டிய நீர் ஏறத்தாழ 1.15 கிலோ. தென்மேற்குப் பருவமழையில், பறித்த கொழுந்தை முதலில் வாடவைக்கும் மாடியில் காற்றே ஈரமாக நிற்கும் நாளில், அதே கொழுந்து 65 சதவீத ஈரத்துடன் இறங்கினால் அது 1.77 கிலோவாகிவிடும். வாட்டத்தில் 10 சதவீதம் என்பது ட்ரையருக்கு ஒன்றரை மடங்கு வேலை. அந்த நாளில் விறகும் நனைந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருந்த மாமா ஒருவர் நெடுங்காலம் ட்ரையர் பார்த்தவர். மழை நாளில் அவர் வேலைக்கு வந்ததும் ட்ரையர் பக்கம் போகமாட்டார். முதலில் மாடிக்கு ஏறி, வாட்டத்தில் கிடக்கும் கொழுந்தை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் நசுக்கி, கையை விரித்து அது எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பார். பிறகு கீழே இறங்கி, அந்தக் கொழுந்து ட்ரையருக்கு வந்துசேர இன்னும் மணிக்கணக்கான நேரம் இருக்கும்போதே, காய்ந்த விறகைத் தனியாக ஒதுக்கி வைக்கச் சொல்வார். போட்ட விறகின் சூடு காற்றில் ஏறிவர நேரம் பிடிக்கும். தேவை வந்தபின் போட்டால் பிந்திவிடும். வரப்போகும் குழப்பத்தை முன்கூட்டி அளந்து அதற்கு இப்போதே ஈடு செய்வதும், செயலுக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள தாமதத்தை மனதில் வைத்து அசைவதும் எங்கள் துறையின் பாடப்புத்தகங்களில் தனித்தனி அத்தியாயங்கள்.

அவரிடம் ஒருமுறை, இரண்டு சதவீதத்துக்குக் காயவைப்பது ஏன் மாமா, மூன்றில் நிறுத்தலாமே என்று கேட்டேன்.

"ஈரமாப் போனா அன்னைக்கே டீமேக்கர் என்னைத்தான் கூப்பிடுவாரு தம்பி. காஞ்சு போனா யாரு கூப்பிடப் போறா?"

டீமேக்கர் என்பவர் ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பானவர். மாமாவின் இந்தப் பதிலை நான் பிற்பாடு பல நாடுகளில், பல மொழிகளில், தீப்பிடிக்காத சீருடை அணிந்த மனிதர்களிடமிருந்து கேட்டிருக்கிறேன்.

சுத்திகரிப்பு ஆலைக்கு வருவோம். அங்கே ஒவ்வொரு அமுக்கத்தையும் வெப்பநிலையையும் மட்டத்தையும் ஓட்டத்தையும் காப்பது பி.ஐ.டி. என்ற எளிய கட்டுப்படுத்தி. ஒன்றை அளப்பது, வேண்டிய அளவோடு ஒப்பிடுவது, வித்தியாசத்துக்கு ஏற்ப ஒரு வால்வை அசைப்பது என்பதே அதன் முழு வேலை. அதை எப்படிச் சரியாக அமைப்பது என்பதற்கு சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் எழுதிய விதிகள் இன்றும் வகுப்பில் சொல்லித்தரப்படுகின்றன. ஒரு பிடி, ஒரு இலக்கு என்றால் அதற்கு நிகர் கிடையாது. ஆனால் திரவக் கலவையைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் ஒரு வடிப்புக் கோபுரம் நம் ட்ரையரைப் போலத்தான்: அடியில் சூட்டைக் கூட்டினால் உச்சியில் தூய்மை மாறும், உச்சியில் திரும்ப ஊற்றும் திரவத்தைக் கூட்டினால் அடியில் வெப்பநிலை சரியும், இரண்டும் சேர்ந்து கோபுரத்துக்குள் திரவம் நிரம்பி வழியும் எல்லையை நெருங்கும். ஒன்றையொன்று அறியாத கட்டுப்படுத்திகளை அதில் பூட்டினால் அவை மாறி மாறி ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு விடையாக, 1970களில் இரண்டு இடங்களில் ஏறத்தாழ ஒரே சிந்தனை முளைத்தது. பிரான்சில் ரிஷாலேயும் அவருடைய குழுவினரும் தங்கள் முறையை 1978-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஷெல் நிறுவனத்தின் கட்லரும் ராமேக்கரும் 1979-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பிடியையும் ஒரு படி அசைத்தால் ஒவ்வொரு அளவும் நேரப்போக்கில் எப்படி மாறும் என்பதை முதலில் பதிவுசெய்து ஓர் அட்டவணையாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கணினி, பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு முறை, அந்த அட்டவணையைக் கொண்டு வரும் சில மணி நேரத்தில் ஆலை எங்கே போகும் என்று கணித்து, எல்லைகள் எதையும் மீறாதபடி எல்லாப் பிடிகளையும் சேர்த்து எப்படி அசைப்பது என்று திட்டமிடும். திட்டத்தின் முதல் அசைவை மட்டும் செய்துவிட்டு, அடுத்த நிமிடம் புதிய அளவீடுகளோடு முழுத் திட்டத்தையும் மீண்டும் போடும். அதற்கு மாதிரிவழி முன்கணிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். பி.ஐ.டி.களை அது அகற்றுவதில்லை. அவற்றின் மேல் உட்கார்ந்து அவற்றுக்கு இலக்குக் கொடுக்கிறது.

இதில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். ஆலையை ஆடாமல் நிறுத்துவது தன்னளவில் காசு தராது. ஈரம் மேலும் கீழும் ஒவ்வொரு சதவீதம் ஆடிக்கொண்டிருக்கும் ட்ரையரில் சராசரியை மூன்றில் வைக்க யாருக்கும் துணிவு வராது. ஆட்டம் சிறுத்து மேலும் கீழும் 0.2 சதவீதத்துக்குள் நின்றால்தான் சராசரியை எல்லைப் பக்கம் நகர்த்த முடியும். அந்த நகர்வுதான் காசு. ஆயிரம் கிலோ தூளை மூன்றில் நிறுத்தாமல் இரண்டுக்குக் காயவைத்தால் விற்பனை எடையில் ஏறத்தாழ 10 கிலோ காற்றோடு போகிறது, விறகுச் செலவு வேறு. (நுவரெலியாப் பக்கத்து ஈரக்காற்றில் சலிக்கும்போது தூள் கொஞ்சம் ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஆகவே இழப்பு முழுவதும் இழப்பல்ல.) சுத்திகரிப்பு ஆலையில் இதே கதை டீசலிலும் எரிவாயுவிலும் நடக்கிறது. விலை குறைந்த பொருளாகப் போகவேண்டிய பகுதியை, விதிமுறை அனுமதிக்கும் அளவுவரை விலை கூடிய பொருளுக்குள் எடுத்துக்கொள்வதுதான் அந்த நகர்வு. ஆட்டத்தைக் குறைத்துவிட்டு இலக்கை நகர்த்தாமல் வைத்திருக்கும் ஆலை, வரைபடத்தில் அழகான கோடு ஒன்றைப் பெற்றிருக்கிறது, வேறொன்றும் பெறவில்லை.

வேலையின் பெரும்பகுதி கணக்கு என்று படிக்கும் பிள்ளைகள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பகுதி 'ஸ்டெப் டெஸ்ட்'. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் ஒப்பரேட்டரின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பிடியைச் சிறிதளவு அசைத்து, மற்ற எதையும் தொடாமல், எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு எதிர்த்திசையில் அசைத்து மறுபடி காத்திருக்கும் வேலை அது. அசைவு மிகச் சிறிதாக இருந்தால் அளவீட்டின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். பெரிதாக இருந்தால் பொருள் தரம் தவறும். புரொப்பேனையும் புரொப்பிலீனையும் பிரிக்கும் நெடிய கோபுரங்கள் ஒரே அசைவிலிருந்து முழுமையாக அடங்க அரை நாளுக்கு மேலும் எடுக்கும். ஆகவே இரவுகளில் உட்கார வேண்டும். இன்று கணினியே சிறு அசைவுகளைத் தொடர்ச்சியாகக் கொடுத்துச் சோதிக்கும் முறைகள் வந்துவிட்டன, நேரமும் மிச்சமாகிறது. ஆனாலும் இரவு ஷிப்டில் ஒப்பரேட்டரோடு தேநீர் குடித்துக்கொண்டு இருந்தால் மட்டும் தெரியவரும் செய்திகள் உண்டு: எந்த அளவீடு பொய் சொல்கிறது, எந்தப் பம்பை மாற்றினால் எல்லாம் கலங்கும், மழை திடீரென்று பெய்து கோபுரத்தின் உச்சிக் குளிரூட்டிகள் குளிர்ந்தால் என்ன நடக்கும் என்பன போன்றவை. அவை எந்தத் தரவுக் கோப்பிலும் இல்லை.

அட்டவணையில் சேரும் சில வளைகோடுகள் மனிதருடைய உள்ளுணர்வுக்கு நேர்மாறானவை. லக்ஷபானவைப் போல நீண்ட குழாயில் நீர் இறங்கிவரும் மின்நிலையத்தில் மின்னாற்றலைக் கூட்ட நீர்வாயைத் திறந்தால், முதற் கணத்தில் ஆற்றல் கூடுவதில்லை, சற்றுக் குறைகிறது. குழாயில் நிற்கும் அத்தனை நீரும் வேகம் பிடிக்கும்வரை, திறந்த வாயில் அமுக்கம் விழுந்துவிடுவதே காரணம். கொதிகலனிலும் இதைப் போன்றது உண்டு: நீராவித் தேவை திடீரென்று கூடினால் கலத்தின் அமுக்கம் இறங்கி, நீருக்குள் குமிழ்கள் பருத்து, உண்மையில் நீர் குறைந்துகொண்டிருக்கும்போதே மட்டம் ஏறுவதாகக் காட்டும். அதைக் கண்டு நீர் வரத்தைக் குறைக்கும் புதியவர், சில நிமிடத்தில் உண்மையான பற்றாக்குறையில் மாட்டிக்கொள்வார். ஒரு நல்ல மாதிரி இந்த முதற் பொய்யை அறிந்திருக்கும், பொறுத்திருக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மனிதருக்கு, கணினி தவறான திசையில் போகிறதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே தோன்றும். அந்த நிமிடத்தில் அவர் அதை நிறுத்திவிடாமல் இருக்க, முன்பே யாராவது உட்கார்ந்து அவரோடு பேசியிருக்க வேண்டும்.

அளக்க முடியாததை அளப்பதும் எங்கள் வேலைதான். பொருளின் தரத்தை ஆய்வுகூடம் ஒரு ஷிப்டுக்கு ஒரு தடவைதான் சோதித்துச் சொல்லும். நிமிடத்துக்கு ஒரு முறை முடிவெடுக்கும் கணினிக்கு அது போதாது. ஆகவே வெப்பநிலைகளையும் அமுக்கத்தையும் கொண்டு தரத்தை ஊகிக்கும் சமன்பாடு ஒன்றை எழுதி, ஆய்வுகூட முடிவு வரும்போதெல்லாம் அதை மெல்லத் திருத்திக்கொள்கிறோம். ட்ரையரின் வெளிக்காற்று வெப்பநிலையை ஈரத்தின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கமும் இதுவே. ஈரம் அதிகம் உள்ள கொழுந்து காற்றின் சூட்டைக் கூடுதலாக உறிஞ்சும், வெளிக்காற்று தணியும். அந்த வெப்பமானியைப் பார்த்தே அனுபவசாலிகள் தூளைத் தொடாமல் நிலைமையைச் சொல்லிவிடுவார்கள்.

கணக்குக்கு முன் வால்வு. ஒட்டிக்கொண்டு அசைய மறுத்து, பிறகு ஒரேயடியாகத் துள்ளும் வால்வு இருக்கும் இடத்தில் எந்த முன்கணிப்பும் வேலைக்காகாது. ஒரு ஆலைக்குப் போனால் நான் முதல் வாரங்களைப் பி.ஐ.டி.களைச் சீர்செய்வதிலும் வால்வுகளைப் பழுதுபார்க்கச் சொல்வதிலும் செலவிடுவேன். அந்த வேலையிலேயே பாதிப் பலன் வந்துவிடுவதும் உண்டு. விற்பனைப் பிரிவினருக்கு இதைச் சொன்னால் பிடிக்காது.

எல்லாம் முடிந்து, கட்டுப்படுத்தி ஓடத் தொடங்கி, நாங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன பிறகு நடப்பதுதான் உண்மையான சோதனை. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் உண்டு. அவற்றை ஒப்பரேட்டர் மாற்றலாம். ஓர் இரவு ஏதோ கலங்குகிறது. அவர் கட்டுப்படுத்தியை நிறுத்துவதில்லை, ஏனென்றால் நிறுத்தினால் காலையில் கேள்வி வரும். இரண்டு எல்லைகளையும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். காலையில் கலக்கம் தீர்ந்துவிடும்; எல்லைகள் மட்டும் அப்படியே நெருங்கி நிற்கும். மாத அறிக்கையில் கட்டுப்படுத்தி ஓடிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அது கைகால் கட்டப்பட்டு ஓடுகிறது. ஒரு ஆலையில் நான் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அசையக்கூடிய பிடி ஒன்றுகூட மிச்சமிருக்கவில்லை. நிர்வாகமோ கட்டுப்படுத்தி ஓடிக்கொண்டிருப்பதைச் சாதனையாகச் சுவரில் வரைபடம் போட்டு ஒட்டியிருந்தது.

இதை ஒப்பரேட்டரின் அறியாமை என்று எழுதும் பொறியியலாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் மாமாவைப் போலவே சரியாகக் கணக்குப் போடுகிறார். தரம் தவறினால் அவருடைய பெயர் பதிவேட்டில் ஏறும். எல்லையிலிருந்து தள்ளி நின்று ஆலை இழக்கும் பணத்துக்கு எந்தப் பெயரும் இல்லை. அந்த நிலையில் எவரும் இரண்டு சதவீதத்துக்குத்தான் காயவைப்பார். ஆகவே இப்போது கட்டுப்படுத்தியை ஒப்படைக்கும்போது நான் கேட்கும் முதல் ஆவணம் ஆலை முகாமையாளரின் கையெழுத்து: ஒப்புக்கொண்ட எல்லைகளுக்குள் கட்டுப்படுத்தி ஓடும்போது தரம் தவறினால் அந்த ஷிப்டில் இருந்த ஒப்பரேட்டரை அதற்காக விசாரிப்பதில்லை என்று அதில் இருக்க வேண்டும். பிறகு எல்லைகளை ஒரேயடியாகத் திறப்பதில்லை. கொஞ்சம் திறந்து, அந்த ஷிப்டின் ஆள்கள் பார்த்துப் பழகியபின் இன்னும் கொஞ்சம் திறப்பேன். சில முகாமையாளர்கள் கையெழுத்திட மறுப்பார்கள். மறுக்கும் இடத்தில் இந்தத் திட்டம் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அப்போதே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஸ்டோருக்கும் இந்த முன்கணிப்புக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாமே என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கொண்டுவரலாம், ஆனால் வேண்டாம் என்பேன். ஒரு ட்ரையருக்கு அது அளவுக்கு மீறிய செலவு, அதைப் பராமரிக்கும் ஆளைத் தலவாக்கலையில் வைத்திருக்கவும் முடியாது. அதற்கு முன் எடுக்கவேண்டிய காசு வாட்டும் மாடியிலேயே கிடக்கிறது. விசிறிக்குத் தேவைப்படும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும்; வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். இரவு முழுதும் முழு வேகத்தில் சுற்றும் விசிறிகளை, காற்று உலர்ந்திருக்கும் மணிநேரங்களில் மெதுவாக்க, வேகம் மாற்றும் கருவி பூட்டுவது, எந்த முன்கணிப்பையும்விட விரைவில் போட்ட காசைத் திருப்பித் தரும். ஏற்கெனவே சில ஸ்டோர்கள் பூட்டியும் இருக்கின்றன.

ட்ரையருக்கு நான் கேட்டது அதைவிடச் சிறியது. கடந்த முறை லீவில் வந்தபோது, பழக்கமான டீமேக்கர் ஒருவரிடம், ட்ரையர் வாயில் ஓர் ஈரமானியை வைத்து, மணிக்கொருமுறை அளவை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன்; 3.5-க்கு மேல் போன மணிகளைச் சிவப்பில் குறிப்பதுபோல 2.5-க்குக் கீழே போன மணிகளையும் சிவப்பிலேயே குறிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கேள்வி கேட்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். காய்ந்த தூளுக்காக ஆளைக் கூப்பிட்டால் மறுநாள் ஈரத் தூள்தான் வரும் என்றார். முதலில் ஒரு மாதம் யாரையும் கூப்பிடாமல் எழுதி மட்டும் வைப்போம் என்றேன். மழைக்காலம் போகட்டும், வரட்சி தொடங்கியதும் ஒரு ட்ரையரில் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். ஈரமானி வாங்கி அனுப்பிவிட்டேன். கொப்பி அவருடைய பொறுப்பு.